பன்னிரண்டு பவுண்டு காற்று

என் வேலை பிரஷர் கேஜ்களைச் சோதிப்பது. கொதிகலன்களிலும் காற்றடைக்கும் இயந்திரங்களிலும் அழுத்தத்தைக் காட்டப் பொருத்தியிருக்கும் கேஜ்கள் நாளாக ஆகத் தவறாகக் காட்டத் தொடங்கும். அவற்றைக் கழற்றி என் மேசைக்குக் கொண்டுவருவார்கள். எடைக்கற்கள் ஏற்றிய ஒரு கருவியோடு இணைத்து, முள் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பேன். நிற்காவிட்டால் திறந்து சரிசெய்வேன். தொழிற்பள்ளியில் என் வகுப்பில் பெண்கள் மிகச் சிலர். பட்டறையில் நான் ஒருத்திதான்.

கைப்பையில் சீப்பு, கைக்குட்டை, பஸ் சில்லறை, தலைவலித் தைலம் இவற்றோடு பேனா அளவில் ஒரு டயர் கேஜும் இருக்கும். பட்டறையில் பழுதென்று ஒதுக்கியதை நானே சரிசெய்து, கேட்டு வாங்கிக்கொண்டது. அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை செய்பவர். கார் இல்லாத வீட்டில் இது எதற்கு என்று ஒருமுறை கேட்டார். வைத்திருக்கிறேன் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

கார் முதலில் வந்தது அக்காள் புகுந்த வீட்டுக்கு. அத்தான் குடும்பம் புக்கிட் பாஞ்சாங்கில், பத்தாம் கட்டைக்கு அருகே இருந்தது. அந்த நாட்களில் ஊர்களுக்குப் பெயர் இருந்தாலும் நகரிலிருந்து எத்தனையாவது மைல்கல் என்று சொல்லித்தான் எல்லோரும் பேசுவோம். அக்காளுக்கு முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அதற்கு முந்தைய நாள் அவள் தேக்காவில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பியிருந்தாள். பஸ் குலுக்கியதுதான் காரணம் என்று இரண்டு வீட்டிலும் முடிவுகட்டினார்கள். அப்படியெல்லாம் இல்லை, இது பல காரணங்களால் நேர்வது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். யாரும் அவரை எதிர்த்துப் பேசவில்லை, நம்பவும் இல்லை. மறுபடி உண்டானபோது அத்தான் கைமாறிவந்த ஒரு சிறிய இங்கிலீஷ் கார் வாங்கினார். அக்காள் இனி பஸ் ஏறக்கூடாது என்பதற்காகவே வாங்கியது. ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதற்காகத்தான்.

ஏழாம் மாதம் வளைகாப்பு பத்தாம் கட்டையில் நடந்தது. வளையல் போட்டு, சாப்பாடு முடிந்து, நல்ல நேரம் பார்த்து அக்காளை நாங்கள் அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அம்மாவும் நானும் காலையிலேயே போய்விட்டோம். அப்பாவுக்கு வேலை.

அக்காளுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தே ஆகவேண்டியிருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்ற வழக்கத்துக்காக மட்டும் இல்லை. எங்கள் சந்திலிருந்து பிரசவ ஆஸ்பத்திரி நடந்துபோகும் தூரம். பத்தாம் கட்டையிலோ அவசரத்துக்கு ஒரு மருத்துவச்சி. அவளும் வேறு கம்பத்துக்கு, அதாவது வேறு கிராமத்துக்கு, போயிருந்தால் இல்லை. முதல் தடவை அக்காள் எவ்வளவு நேரம் வண்டிக்காகக் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். "அந்த வீட்டுல என்னால திரும்ப அப்படிப் படுத்திருக்க முடியாது" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அவள் மாமியாருக்கு அவளை அனுப்ப விருப்பமில்லை. கெட்ட எண்ணத்தால் அல்ல. பயம். பயணம் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காமல் போயிருந்தது.

"ஏன் சம்பந்தி, இங்கயே இருந்தா என்ன? நீங்களும் வந்து இருந்துக்கங்க. இடமா இல்ல?" என்று வளையல் அடுக்கும்போதே அம்மாவிடம் சொன்னார்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல, சம்பந்தி."

"வழக்கம் ரோட்டைப் பாக்குமா? கல்லு லாரி எப்படிப் போகுது, பாத்தீங்கல்ல? எதாவது ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?"

அக்காள் இரண்டு கையையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏதாவது ஒரு சாக்குக் கிடைத்தால் பயணம் நின்றுவிடும் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு சாமான்களை ஏற்ற நான் வெளியே போனேன். பின்பெட்டியில் அக்காளின் டிரங்குப் பெட்டி, அரை மூட்டை அரிசி, தேங்காய்கள், புது மெத்தை ஒன்று. மாற்றுச் சக்கரம் இவற்றுக்கெல்லாம் அடியில். டிரங்குப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு நிமிரும்போது பின் டயரைப் பார்த்தேன். தரையைத் தொடும் இடத்தில் பக்கவாட்டு ரப்பர் வெளியே பிதுங்கியிருந்தது.

கைப்பையை எடுத்துவந்தேன். வால்வு மூடியைத் திருகி எடுத்து கேஜை அழுத்தினேன். பன்னிரண்டு பவுண்டு. அந்தக் காருக்கு இருபத்து நான்கு வேண்டும்; பின்னால் பாரம் ஏற்றினால் இன்னும் இரண்டு. அடுத்த டயர், பன்னிரண்டு. முன் டயர்கள் இரண்டும் பன்னிரண்டுக்கு இம்மி மேலே. ஒரு டயரில் காற்றுக் குறைந்தால் அது ஓட்டை. நான்கிலும் ஒரே அளவு குறைந்தால் யாரோ இறக்கியிருக்கிறார்கள்.

அத்தான் வெற்றிலை போட்டபடி பின்னாலேயே வந்து நின்றார்.

"என்ன இன்ஜினியரம்மா, நம்ம காருக்கும் பரீட்சையா?"

"அத்தான், காத்து பாதிதான் இருக்கு."

"இருக்கும். நான்தான் இறக்கினேன்" என்றார். முகத்தில் பெருமை. "காலையில சும்மா ஒரு சுத்து போய்ப் பாத்தேன். மெத்தை மாதிரி இருக்கு. ஒரு குழி தெரியணுமே! உங்க அக்கா தூங்கிட்டே வருவா, பாரேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. காற்றுக் குறைந்த டயர் சிறிய குழிகளை விழுங்கிக்கொள்ளும். அவர் தனியாக, மெதுவாக, வெற்றுக் காரை ஓட்டிப் பார்த்திருக்கிறார். அதில் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். ஒவ்வொரு சுற்றுக்கும் டயரின் பக்கவாட்டு மடங்கி விரிகிறது. காற்றுக் குறைந்தால் மடிப்பு ஆழமாகிறது. மடிய மடியச் சூடாகிறது. சூடு ஏறினால் ரப்பரும் உள்ளே இருக்கும் துணியும் பிரியும். வளைவில் திருப்பினால் சக்கரம் திரும்பும், டயர் பின்தங்கும், காரின் பின்பக்கம் அலையும். பெரிய குழியில் விழுந்தால் இரும்பு விளிம்பு டியூபைக் கடித்துவிடும். இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் வரிசை சரியாக இருந்தது. சொன்ன இடம்தான் சரியில்லை. பாதியிலேயே அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"மெதுவாப் பேசும்மா. அம்மா காதுல விழுந்தா இன்னைக்குப் பயணமே இல்ல."

"அப்ப காத்து அடிச்சிருவோம்."

"அடிச்சா குலுக்கும்."

"கொஞ்சம்தான் குலுக்கும், அத்தான்."

"போன தடவையும் கொஞ்சம்தான் குலுக்குச்சு" என்றார். அதில் கோபம் இல்லை. "நீ படிச்சவ. சரி. ஆனா அவளைக் கூட்டிட்டுப் போறது நான்."

காருக்குக் காற்றடிக்கும் பம்ப் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் சைக்கிள் பம்ப் இருந்தது. அந்த வால்வும் கார் வால்வும் சேராது. அருகிலுள்ள பெட்ரோல் நிலையம் ஏழாம் கட்டைக்குக் கொஞ்சம் முன்னால், ரயில் பாலத்துக்குப் பக்கத்தில். ஆனால் நல்ல நேரத்தில் புறப்பட்ட கர்ப்பிணி வழியில் எங்கும் நிற்கக்கூடாது, தாய் வீட்டு வாசலில்தான் கால் வைக்கவேண்டும் என்பது அம்மாவின் கண்டிப்பு. அம்மா இதை மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது இன்னும் மோசம். யார் எங்கே உட்காருவது? மாப்பிள்ளை ஓட்டும் காரில் மாமியார் அவர் பக்கத்தில் உட்காருவதில்லை. மச்சினியும் உட்காருவதில்லை. அக்காள் பின்னால் சாய்ந்து வரவேண்டும். ஆகவே நாங்கள் மூன்று பேரும் பின்னால். முன் இருக்கையில் பழத் தாம்பாளமும் குத்துவிளக்கும். பின்பெட்டியில் அரிசியும் தேங்காயும் வேறு. காரின் பாரம் முழுவதும் இரண்டு பின் டயர்களின் மேல். பாரத்தை முன்னால் மாற்றினால் கொஞ்சம் பரவாயில்லை என்று, நான் முன்னால் உட்காரட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன்.

அக்காளின் மாமியார் சிரித்துவிட்டார். "கேட்டீங்களா சம்பந்தி, சின்னவளுக்கு முன் சீட்டு வேணுமாம். அடுத்த வருஷம் அவளுக்கும் ஒரு கார்க்காரனாப் பாருங்க."

அம்மாவுக்குக் காது சிவந்தது. "பின்னாடி உக்காருடி" என்றாள்.

அரிசி மூட்டையை மட்டும் முன் இருக்கைக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். தேங்காய்கள் வேண்டாம், அப்பா தேக்காவில் வாங்கிவைத்திருக்கிறார் என்று சொல்லி இறக்கினேன். அது உண்மை இல்லை. இவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அக்காள் தலையில் பூவைச் சரிசெய்ய உள்ளறைக்குப் போனபோது கூடவே போனேன். அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். பயந்துவிடுவாள் என்று ஒரு பக்கம். காரில் போகப்போவது அவள், அவளை மட்டும்தான் யாரும் கேட்கவில்லை என்று இன்னொரு பக்கம். சொல்லிவிட்டேன், நான்கே வாக்கியத்தில்.

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "அங்க வரைக்கும் தாங்குமா?"

"மெதுவாப் போனா ஏழாம் கட்டை வரைக்கும் தாங்கும். அதுக்குமேல எனக்கு நம்பிக்கை இல்ல."

"ஏழாம் கட்டையில என்ன இருக்கு?"

"பெட்ரோல் ஸ்டேஷன். ஆனா அம்மா நிறுத்த விடமாட்டாங்க. அத்தானும் அடிக்க விடமாட்டாரு."

"அம்மாவை நான் பாத்துக்கறேன். உங்க அத்தானை நீ பாத்துக்க."

ஆரத்தி எடுத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்துக் கிளம்பினோம். மாமியார் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அக்காளின் கன்னத்தைத் தொட்டார். "மெதுவா போடா" என்று மகனிடம் சொன்னார். எனக்கு அந்த ஒரு சொல்லில் முழுச் சம்மதம்.

அத்தான் மெதுவாகத்தான் ஓட்டினார். முதல் மைலில் அக்காள் உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டாள். குழிகள் தெரியவில்லை. கண்ணாடியில் அத்தான் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கல் குவாரிப் பக்கம் சாலை இறங்கி வளையும் இடத்தில் எதிரே ஒரு லாரி வந்தது. ஜல்லியை மேடாக ஏற்றிக்கொண்டு, பாதிச் சாலைக்குமேல் எடுத்துக்கொண்டு வந்தது. அத்தான் இடப்பக்கம் ஒடித்தார். காரின் முன்பகுதி போனது. பின்பகுதி ஒரு கணம் கழித்துப் போனது; போனதும் நிற்காமல் மறுபக்கம் அலைந்தது. அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். அத்தான் மறுபடி திருப்ப, மறுபடி ஒரு அலை. பிறகு நேரானது. ஓரத்துக் கால்வாய் நான் நினைத்ததைவிட அருகில் இருந்தது.

"லாரிக்காரன், கண்ணு தெரியாதவன்லா!" என்றார் அத்தான். குரல் சரியில்லை.

ரயில் பாலத்தின் கறுப்பு இரும்பு தெரிந்ததும் அக்காள் கண்ணைத் திறந்தாள்.

"என்னங்க, நிறுத்துங்க."

"என்ன, என்ன ஆச்சு?"

"ஒண்ணுக்கு வருது."

"இப்பத்தானே கிளம்பினோம்!" என்றாள் அம்மா. "அடக்கிக்கடி. வழியில இறங்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்."

"ஏழு மாசம்மா. இது நேரம் பாத்து வர்றதில்ல. அடக்கினா காருக்குள்ளயே போயிரும், பரவாயில்லையா?"

முன்னால் குத்துவிளக்கு இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். "சிவ சிவா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். அத்தான் பெட்ரோல் நிலையத்துக்குள் திருப்பினார்.

அம்மா அக்காளை அழைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் இறங்கி அத்தானின் கதவருகே நின்றேன். இந்த முறை ஒன்றும் விளக்கவில்லை.

"டயரைத் தொட்டுப் பாருங்க, அத்தான்."

குனிந்து பின் டயரின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். மறுபடி விரல்களை மட்டும் வைத்தார். வெயிலில் நின்ற காரின் சூடு வேறு, இது வேறு. மூன்று மைல்கூட ஆகவில்லை.

"இவ்வளவா?" என்றார்.

"இன்னும் ஏழு மைல் இருக்கு."

அவர் எழுந்து நின்று கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அந்த வளைவை நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. "அடிச்சா அவளுக்கு..." என்று தொடங்கினார்.

அக்காள் அதற்குள் திரும்பிவந்துவிட்டாள். அவள் போனதையும் வந்ததையும் பார்த்தால், அவசரம் அவ்வளவு இல்லை என்று எனக்குத் தோன்றியது. "எனக்கு என்ன? நான் என்ன முட்டையா? குலுங்கினா உடைய மாட்டேன். அப்ப அலைஞ்சுச்சே, அதுலதான் எனக்கு வயித்தைப் பிடிச்சுச்சு. அடிங்க."

காற்றுக் குழாயோடு நின்ற மலாய்க்காரர் என்னைப் பார்க்கவில்லை, அத்தானைப் பார்த்து "பெராப்பா?" என்றார். எவ்வளவு என்று அத்தான் என்னைப் பார்த்தார். ஆறின டயரில் பின்னால் இருபத்தாறு வேண்டும். சூடாக இருக்கும்போது காற்று விரிந்து கேஜ் கூடுதலாகக் காட்டும். அதை அளவென்று நம்பி நிறுத்தினால் ஆறியபின் குறைந்துவிடும். பின்னால் இருபத்தொன்பது, முன்னால் இருபத்தேழு என்றேன். அத்தான் அதை மலாயில் சொன்னார். ஒவ்வொன்றும் முடிந்ததும் நான் என் கேஜால் பார்த்தேன். அவர் குழாயில் இருந்த கேஜ் ஒரு பவுண்டு கூடுதலாகக் காட்டியது. சொல்லி, சேர்த்து அடிக்கச் சொன்னோம். பிதுங்கியிருந்த ரப்பர் நிமிர்ந்து, கார் தரையிலிருந்து கொஞ்சம் எழுந்தது போல இருந்தது.

அம்மா காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் நடந்ததைக் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். கார் நகர்ந்தபின், "உங்க வீட்டுல நடுவழியில இறங்கினதைச் சொல்லவேண்டாம், மாப்பிள்ளை" என்றாள். நேராக அவரிடம் அவள் பேசியது அபூர்வம்.

"சொல்ல மாட்டேன், அத்தை."

மீதி வழியில் குழிகள் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் அத்தான் தோளைக் குறுக்கிக்கொண்டார். அக்காள் ஒவ்வொன்றுக்கும் "ஒண்ணுமில்ல, ஓட்டுங்க" என்றாள். தேக்காவில் எங்கள் சந்து முனையில் மாட்டுவண்டி ஒன்று வழியை அடைத்திருந்தது. அது விலகும்வரை நின்றோம். அதையும் அம்மா கணக்கில் சேர்த்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். வாசலில் அக்காளை வலது காலை வைக்கச் சொன்னபோது குரலில் நிச்சயம் இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு தலைச்சுற்றலுக்கும், ஒவ்வொரு கால் வீக்கத்துக்கும் அம்மா ஏழாம் கட்டையைத்தான் நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. வீரமாகாளி கோயிலுக்குப் போய்வந்தாள். அத்தான் வாரந்தோறும் வந்தார்; தனியாக வரும்போது டயரில் எவ்வளவு காற்று வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை.

டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே அக்காளுக்கு வலி கண்டது. காலையிலிருந்து நல்ல மழை. நான் விடுப்பில் இருந்தேன். அம்மாவும் அக்காளும் ஒரு ட்ரைஷாவில், மிதித்து ஓட்டும் சைக்கிள் வண்டியில். முன்னால் தார்ப்பாய் இழுத்து மூடியிருந்தது. நான் குடையோடு கூடவே நடந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அக்காள் என் தோளை அழுத்தியிருந்த அழுத்தத்தை எந்தக் கேஜும் இல்லாமல் சொல்லமுடியும், பிரசவம் அவ்வளவு நெருங்கியிருந்தது. மதியத்துக்கு முன் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் எடை குறைவு. மற்றபடி ஒரு குறையும் இல்லை என்று தாதி சொன்னாள்.

முனைக் கடையிலிருந்து அத்தான் வேலை செய்யும் இடத்துக்குப் போன் செய்தோம். அவர் காலையில் வேலைக்கே வரவில்லை என்றார்கள். நாங்கள் காரில் வந்த புக்கிட் தீமா சாலையில் கால்வாய் பொங்கி, ஆறாம் கட்டையிலிருந்து தண்ணீர். பஸ்ஸும் இல்லை, லாரியும் இல்லை என்று கடையில் பேசிக்கொண்டார்கள். அம்மா கடைக்காரரிடம், "அப்ப அந்தப் பக்கத்திலேர்ந்து யாரும் வர முடியாதா?" என்று கேட்டாள். முடியாது என்றார். அதையே இன்னொரு முறை கேட்டாள்.

சாயங்காலம் அத்தான் வந்தார். கால்சட்டை தொடைவரை சுருட்டியிருந்தது, செருப்பு கையில். காரை மேட்டில் ஒரு கடை முன்னால் விட்டுவிட்டு, தண்ணீரில் நடந்தும், அப்பால் கிடைத்த வண்டியில் தொற்றியும் எங்கள் வீட்டுக்கு வந்து, பூட்டியிருந்ததைப் பார்த்து இங்கே ஓடிவந்ததாகச் சொன்னார். தாதி அவர் காலையும் தரையையும் பார்த்து ஆங்கிலத்தில் திட்டினாள். அவருக்கு அது காதில் விழவில்லை.

"எப்பப் பொறந்துச்சு?"

"நீங்க தண்ணியில நின்னப்ப" என்றாள் அக்காள்.

அவர் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றார். அக்காள் பத்தாம் கட்டையிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை; அக்காளும் சொல்லவில்லை. அம்மா எழுந்து, மாப்பிள்ளை முன்னால் உட்காராத வழக்கப்படி கதவுப் பக்கம் நகர்ந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பிவந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

"உக்காருங்க, மாப்பிள்ளை. கையைத் துடைச்சிட்டுப் புள்ளையை வாங்கிக்கங்க."

அக்காள் முந்தானையை நீட்டினாள். அவர் அதில் கையைத் துடைத்தார். அப்பா வேலை முடிந்து வரும் நேரம் ஆகியிருந்ததால், அவருக்குச் சொல்ல நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.